இத்தாலியில் 'லாத்தே' கேட்டால் பால்தான் வரும்

அடுத்த கேள்வி. "ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் போகிறோம். மதியத்துக்கு மேல் கப்புச்சினோ கேட்டால் திட்டுவார்களாமே, உண்மையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

திட்ட மாட்டார்கள், தாராளமாகப் போட்டுத் தருவார்கள். ஆனால் உங்களை வெளியூர்க்காரர் என்று முடிவுகட்டி விடுவார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குக் கப்புச்சினோ, அதாவது நுரைத்த பால் நிறைய விட்ட காபி, காலைப் பலகாரத்தோடு சேர்ந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அவ்வளவு பால் குடித்தால் செரிக்காது என்பது அவர்கள் கணக்கு. மதியத்திலும் பால் வேண்டுமென்றால் 'மாக்கியாத்தோ' கேளுங்கள். கறை பட்டது என்று அர்த்தம். டிகாஷனில் ஒரு சொட்டுப் பால் பட்ட மாதிரி இருக்கும். அதை எந்த நேரத்திலும் கேட்கலாம்.

நான் போன முதல் நாளே 'லாத்தே' கேட்டு, ஒரு டம்ளர் பச்சைப் பால் வாங்கிக் குடித்தவன். லாத்தே என்றாலே அங்கே பால்தான். பால் காபி வேண்டுமென்றால் முழுசாக 'கஃபே லாத்தே' என்று சொல்ல வேண்டும். வெறும் 'கஃபே' என்றால் எஸ்பிரெசோ, அதாவது பால் இல்லாத கெட்டிக் காபி. 25, 30 மில்லிதான் இருக்கும். பார்த்துப் பயப்படாதீர்கள்.

அப்புறம் 'பார்' என்று போர்டு இருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள், அதுதான் காபிக்கடை. ரயில் நிலையம் மாதிரிக் கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் காசு கொடுத்து ரசீது வாங்கி, அதைக் கவுன்டரில் வைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு இது தெரியாமல் கவுன்டரில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் வந்தார். ரசீதை வைத்தார், சர்க்கரை பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுக் கலக்கினார், மூன்றே மடக்கு, 'சாவ்' (போய் வருகிறேன்) சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு இன்னும் காபியே வரவில்லை!

நின்று குடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பல கடைகளில் நின்றால் ஒரு விலை, உட்கார்ந்தால் ஒரு விலை. விலைப்பட்டியலில் 'அல் பாங்கோ' என்றிருப்பது கவுன்டர் விலை, 'அல் தாவொலோ' என்றிருப்பது மேஜை விலை. சுற்றுலா இடங்களில் இரண்டாவது பல மடங்கு இருக்கும். வெனிஸில் செயின்ட் மார்க் சதுக்கத்தில் 1720 முதல் இருக்கிற ஃப்ளோரியான் என்ற காபிக்கடையில், வெளியே வாத்தியம் வாசிக்கும்போது மேஜையில் உட்கார்ந்தால் இசைக்கும் தனியாக பில்லில் காசு போடுவார்கள். ஒரு தடவை அனுபவிக்கலாம், தினமும் கட்டுப்படியாகாது.

நேப்பிள்ஸில் காபியோடு ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் வரும். அதை முதலிலேயே குடித்துவிடுங்கள், வாயைச் சுத்தம் பண்ணத்தான். அங்கே 'சொஸ்பெசோ' என்று ஒரு வழக்கமும் உண்டு. ஒரு காபி குடித்து இரண்டுக்குக் காசு கொடுத்தால், மற்றது காசில்லாமல் வருகிற யாரோ ஒருவருக்கு.

ஃபில்டர் காபி பழகிய நாக்குக்கு முதல் நாள் கசக்கும். கூச்சப்படாமல் சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள், அவர்களும் போடுகிறார்கள். ராத்திரி காபி குடித்தால் தூக்கம் வராது என்பவர்கள் 'தெக்கா' என்று கேளுங்கள், காஃபீன் நீக்கியது வரும்.