கல்லுக்கிடங்கில் தெரியும் தண்ணீர்

அவையோருக்கு வணக்கம்.

காங்கேசன்துறை என்றவுடன் சீமெந்து ஆலையின் புகைபோக்கிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்த ஆலைக்காகத் தோண்டிய கல்லுக்கிடங்குகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆலை நின்றுபோய்விட்டது. கிடங்குகள் நம்மோடு இருக்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அந்தக் காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ஆழமில்லாத கடலில் வாழ்ந்த சிப்பி, பவளம், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகள் படிந்து இறுகிய கல் இது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் உள்ள பாறையோடு ஒப்பிட்டால் நம் கல் நேற்றுப் பிறந்த பிள்ளை. அதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். ஆணியால் சுரண்டி, அந்தத் தூளில் நாலு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விடுங்கள். நுரைக்கும். அமிலம் பட்டுக் கல்சியம் காபனேற்று உடைந்து, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது.

மழைநீரும் அப்படித்தான், மெதுவாக. மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகிக் கல்லின் வெடிப்புகளைக் கரைத்து அகலமாக்குகிறது. கிடங்குச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளைக் கல்லுக்கு நடுவே குழாய்போலச் செம்மண் இறங்கியிருக்கும். அது கரைந்துபோன கல்லின் இடம். இயற்கையாய் அமைந்த நிலாவரைக் கிணறும் இதே வேலையின் பெரிய உருவம்தான்.

இந்தப் பொந்துகள்தான் கல்லுடைப்போருக்குத் தலையிடி. துளையிடும்போது அலகு திடீரென்று விழுந்து சிக்கும். துளை பொந்துக்குள் திறந்தால் வெடிமருந்து அங்கே அளவுக்கு மேல் சேரும். வெடித்ததும் கல் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. மருந்து போதாத இடத்திலோ வாயு பொந்து வழியே கசிந்து, கல் அசையாமல் நிற்கும். செம்மண் கலந்த கல் ஆலைக்குப் போனால் கலவையின் விகிதமும் கெடும்.

ஆலை 1950இல் இயங்கத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சர் ஜி. ஜி. பொன்னம்பலம். கல் இங்கேயே கிடைத்தது. களி முருங்கனிலிருந்து வந்தது. நாலு பங்கு கல்லுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு களி என்பது சீமெந்துக்கான பொதுக் கணக்கு. வெறும் சுண்ணாம்பு சுட 900 பாகை அளவு வெப்பம் போதும். கல்லும் களியும் சேர்ந்து வெந்து கட்டியாகும் கிளிங்கர் பிடிக்க 1450 பாகை வேண்டும். அதை அரைத்தால்தான் சீமெந்து. அரைக்கும்போது சிறிது ஜிப்சம் சேர்க்காவிட்டால், தண்ணீர் பட்டவுடனே சீமெந்து இறுகிவிடும், மேசனுக்கு நேரமே இராது. கல்லில் மகனீசியம் கூடினாலும் வில்லங்கம்தான்: மகனீசியம் ஒட்சைட்டு மிக மெதுவாக நீரேறிப் பெருக்கும், கட்டடம் முடிந்து நெடுநாள் சென்றபின் வெடிப்பு விழும். சுத்தமான 100 தொன் சுண்ணக்கல்லைச் சுட்டால் 44 தொன் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். மிஞ்சுவது 56 தொன்.

1990இல் போர் மூண்டது, வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர், ஆலை நின்றது. அதன் அரசியலை வேறு மேடையில் பேசலாம்.

நாம் தோண்டி எடுத்தது கல் மட்டுமல்ல. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். நமக்குக் குளம் இந்தக் கல்தான். மழைநீர் அதன் பொந்துகளில் நிறைந்து, கடல்நீரின் மேல் கண்ணாடி வில்லைபோல மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கனம். ஆகவே நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே 40 மீற்றர் வரை நன்னீர் என்பது கணக்கு. மட்டம் அரை மீற்றர் இறங்கினால் உவர் 20 மீற்றர் ஏறும். வெடிப்பு நிறைந்த நம் கல்லில் இரண்டும் கலக்கும் பகுதி அகலம், ஆதலால் கிணறு இன்னும் முந்தியே சவர்படும்.

கிடங்கு நீர்மட்டத்தைத் தொட்டால் அது மூடியில்லாத கிணறு. மண் வடிகட்டாத நீர் நேரே இறங்கும், வெயில் உறிஞ்சும். அதற்குள் குப்பை கொட்டி நிரப்பலாம் என்போரின் யோசனை என்னைப் பொறுத்தவரை கிணற்றுக்குள் குப்பை கொட்டுவதுதான். தோட்டப் பசளையின் நைத்திரேற்றே நம் கிணறுகளுக்குப் போதிய சுமை.

மாணவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் கூட நிற்க, சுவர் சரியாத பக்கத்தில். கண்ணாடிப் போத்தலில் கல்லைக் கட்டித் தக்கையால் மூடுங்கள். தக்கைக்குத் தனிக் கயிறு, தடிப்பாக; ஆழத்தில் நீரமுக்கம் அதை இறுக்கும். வேண்டிய ஆழத்துக்கு இறக்கித் தக்கையை இழுங்கள். குமிழி நின்றதும் தூக்குங்கள். மூடாமல் இறக்கினால் மேல்நீரே நிறைந்து முடிவு பொய்யாகும். 2 மீற்றருக்கு ஒரு போத்தல் எடுத்து, மின்கடத்துதிறன் மானியில் வாசியுங்கள்; உப்புக் கூடக் கூட எண்ணும் கூடும். கடல்நீர் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 50,000 மைக்கிரோ சீமன்ஸ் காட்டும். மாரி முடிந்ததும் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை எடுத்து, எண்கள் எந்த ஆழத்தில் பாய்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.