புதுப் புழுவா, பழைய புழுவா?

எல்லாருக்கும் வணக்கம்.

"நூற்புழுவைப் பற்றிப் பேச ஒரு மணி நேரமா?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். விட்டால் ஒரு வாரம் பேசுவேன் ஐயா என்றேன். உள்ளே வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். விவரமானவர்.

ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கி, வேரோடு ஒட்டிய மண்ணில் ஒரு பிடி எடுங்கள். அதில் நூற்புழு நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். உடம்பு கண்ணாடி மாதிரி என்பதால் கண்ணுக்குப் படாது. எல்லாமே பயிருக்குப் பகையும் இல்லை. பாக்டீரியாவைத் தின்று வாழ்வது உண்டு, பூஞ்சையை உறிஞ்சுவது உண்டு, பல்லை வைத்துக்கொண்டு பக்கத்துப் புழுவையே விழுங்குவதும் உண்டு. பயிரைக் கெடுப்பவற்றின் வாய்க்குள் ஓர் ஊசி இருக்கும். வேரைக் குத்தி உறிஞ்ச அதுதான் கருவி.

இவற்றை மண்ணிலிருந்து பிரிக்க நாங்கள் இன்றும் நம்பியிருப்பது ஒரு புனலும் கொஞ்சம் தண்ணீரும். புனல் வாயில் வலையும் மெல்லிய தாளும் வைத்து, அதன்மேல் மண்ணைப் பரப்பி, அடியில் தண்ணீர் தொடும்படி விட்டுவிட வேண்டும். புழு நெளிந்து நெளிந்து தாளைக் கடந்து கீழே இறங்கிவிடும். 1917-இல், இன்றைய இந்தோனேசியாவில், மனிதர்களைப் பிடிக்கும் கொக்கிப்புழுவை மண்ணில் தேடிய பேர்மன் என்ற மருத்துவர் சொன்ன வழி இது. நூறு வருஷம் தாண்டியும் அவர் பெயரில்தான் அந்தப் புனல் இருக்கிறது.

பிரித்த புழுவைச் சூட்டில் கொல்வோம். சில இனம் குச்சிபோல நீட்டிப் படுக்கும், சில வில்லாக வளையும், சில சுருண்டுகொள்ளும். செத்த நிலையே ஓர் அடையாளம். அப்புறம் ஃபார்மலினில் பதப்படுத்தி, உடம்பிலுள்ள நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி, அந்த இடத்தில் கிளிசரின் ஏறும்படி செய்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மூட வேண்டும். அவசரப்பட்டால் புழு சுருங்கிப்போகும். நான் முதன்முதலில் செய்த தகட்டில் மூடி கொஞ்சம் அழுந்திவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புழு பிதுங்கிக் கிடக்கிறது. அது புது இனமாக இருந்திருந்தால் உலகத்துக்கு நஷ்டம். நல்லவேளை, இல்லை.

சரி, எது புது இனம்? எங்கள் தொழிலில் முக்கால்வாசி வேலை இந்தக் கேள்விதான். பயிரைத் தாக்கும் நூற்புழுக்களில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. கையில் இருப்பது அவற்றில் ஒன்று இல்லை என்று காட்டிய பிறகுதான் புதுப் பெயரைப் பற்றிப் பேசலாம். புழுவைப் பார்க்கிற நேரத்தைவிடப் பழைய படங்களைப் புரட்டுகிற நேரம் அதிகம்.

புரட்டாவிட்டால் என்ன ஆகும்? 1919-இல் அமெரிக்கப் படைவீரர்களின் மலத்தைச் சோதித்தபோது விநோதமான முட்டைகள் தென்பட்டன. கோஃபாய்டு, வைட் என்ற இருவர் அதை மனிதக் குடலில் வாழும் புதுப் புழு என்று முடிவுகட்டி, 'அறியப்படாதது' என்ற பொருளில் 'இன்காக்னிட்டா' என்று பெயர் வைத்தார்கள். சில வருஷத்தில் குட்டு உடைந்தது. அது காய்கறி வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டை! வீரர்கள் தின்ற காய்கறியோடு உள்ளே போய், அப்படியே வெளியே வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெயர் அழியவில்லை. அதுவரை வேரில் முடிச்சு கண்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். 1949-இல் சிட்வுட் என்ற அமெரிக்கர் அந்தக் கூட்டத்தைப் பல இனங்களாகப் பிரித்தபோது, அதில் ஒன்றுக்கு இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். நம் தக்காளியிலும் கத்தரியிலும் இன்று அதிகம் பேசப்படும் மெலாய்டோகைனி இன்காக்னிட்டா அதுதான். மெலாய்டோகைனி என்பது வேர்முடிச்சு நூற்புழுக்களுக்கெல்லாம் பொதுப் பெயர்.

சிட்வுட் எதை வைத்துப் பிரித்தார்? பெண்புழுவின் பின்பக்கத்தை வைத்து. சிரிக்காதீர்கள். முடிச்சுக்குள் இருக்கும் பெண்புழு பேரிக்காய்போல உருண்டிருக்கும். அதன் பின்முனையைக் கத்தியால் நறுக்கி வைத்துப் பார்த்தால் கைரேகைபோலக் கோடுகள் தெரியும். ஓர் இனத்தில் வளைவு உயர்ந்து நிற்கும், இன்னொன்றில் இரு பக்கமும் தனிக்கோடு ஓடும், மற்றொன்றில் வால் பக்கம் புள்ளி வைத்திருக்கும். ஐம்பது வருஷம் உலகம் முழுக்க இந்த ரேகை சாஸ்திரத்தில்தான் ஓடியது. ஆனால் கைரேகை பார்ப்பவர் சறுக்குகிற மாதிரி நாங்களும் சறுக்கினோம்.

1983-இல் சீனாவின் ஹைனான் தீவில், என்டெரோலோபியம் என்ற மரத்தின் வேரில் கிடைத்த புழுவுக்கு மெலாய்டோகைனி என்டெரோலோபை என்று பெயர் வைத்தார்கள். 1988-இல் உலகின் அந்தக் கோடியில், போர்ட்டோ ரிக்கோ தீவில், கத்தரி வேரில் ஒரு புழு. மாயாகுவெஸ் என்ற ஊரை வைத்து அதற்கு மாயாகுவென்சிஸ் என்று பெயர். இரண்டு தீவு, இரண்டு பயிர், இரண்டு பெயர். 2004-இல் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. பின்னர், முதலில் பெயர் வைக்கப் பயன்பட்ட மூலத் தகடுகளையே எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். விதிப்படி மூத்த பெயர்தான் நிற்கும், 1983 வென்றது.

இதில் விவசாயிக்கு என்ன? இந்தப் புழுவின் ரேகை இன்காக்னிட்டாவின் ரேகையைப்போலவே இருக்கும். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் செலவு வயலில் விழும். தக்காளியில் 'எம்ஐ' என்று ஓர் எதிர்ப்பு மரபணு உண்டு, காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. இன்காக்னிட்டாவை அது தடுக்கும். மண் 28 டிகிரிக்கு மேல் சூடானால் அதுவும் தளர்ந்துவிடும் என்பது வேறு கதை. என்டெரோலோபை அதைச் சட்டையே செய்யாது. தமிழ்நாட்டுக் கொய்யாவில் இது 2016-இல் பதிவானது. இலை பழுப்பேறி, மரம் மெலிந்து, வேரெல்லாம் உருண்டை உருண்டையாக வீங்கிவிடும். இது நடந்து போவதில்லை. கன்றின் பைமண்ணில் ஏறிப் பயணம் போகிறது. நானே ஒரு நாற்றுப்பண்ணையில், பெயர் வேண்டாம், கொய்யாக் கன்று வாங்கி, வேரைப் பார்க்காமல் வீட்டில் நட்டேன். நூற்புழு பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள்! இரண்டு வருஷம் கழித்துப் பிடுங்கினேன். வேரைப் பார்த்து என் மனைவி சொன்னதை இங்கே சொல்ல முடியாது.

இதற்கு நேரெதிர்க் கதை உருளைக்கிழங்கில். அங்கே ஒரே பெயருக்குள் இரண்டு புழு ஒளிந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் உருளை வேரில் ஒரு நூற்புழுவைக் கண்டபோது, சர்க்கரை பீட்டைத் தாக்கும் புழுதான் என்று நினைத்தார்கள். 1923-இல்தான் வோல்லன்வெபர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அது தனி இனம் என்று சொல்லி, அந்நாட்டு ரோஸ்டாக் நகரின் பெயரை அதற்கு வைத்தார். எதிர்ப்புள்ள உருளை ரகம் வந்த பிறகு, இங்கிலாந்தில் சில வயலில் புழு அடங்கியது, சில வயலில் அடங்கவில்லை. கூர்ந்து பார்த்தால் ஒன்றின் பெண்புழு முதிரும்போது பொன் மஞ்சளாகிறது, மற்றது வெள்ளையாகவே இருந்து பழுப்பாகிறது. 1973-இல் ஸ்டோன் என்பவர் வெள்ளையைப் பிரித்து, 'வெளிறியது' என்ற பொருளில் பல்லிடா என்றார். நம் நீலகிரியில் 1961-இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்த உருளைப் புழுவைக் கண்டபோது பல்லிடா என்ற பெயரே பிறக்கவில்லை. இப்போது இரண்டும் அங்கே இருப்பது தெரியும். விதைக்கிழங்கு அங்கிருந்து வெளியே போகக் கட்டுப்பாடு வந்ததும் இதனால்தான்.

டிஎன்ஏ வந்துவிட்டதே, இனி ரேகை எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. ஃபார்மலினில் ஊறிய பழைய தகட்டிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. முதலில் புழு கிடைத்த ஊருக்கே போய்த் திரும்ப மண் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே இப்போது வயலா, வீட்டுமனையா, யார் கண்டது! இன்னொன்றும் இருக்கிறது. ஒன்றோடொன்று கூடிக் குட்டி போட்டால் ஒரே இனம் என்று பள்ளியில் படித்தோம். இன்காக்னிட்டாவுக்கும் என்டெரோலோபைக்கும் ஆணே தேவையில்லை. பெண் தானாகவே முட்டையிடும். பள்ளிப் பாடத்து அளவுகோல் இவற்றிடம் செல்லாது. அதனால் ஊசி நீளம், வால் வடிவம், ரேகை, டிஎன்ஏ, எந்தச் செடியைத் தாக்குகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் எல்லை போடுகிறோம்.

பெரியவர் இன்னும் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார், போகவில்லை. கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்று: சோதனைக்குக் கொண்டு வருபவர்கள் வேரைக் கழுவாமல், அதைச் சுற்றிய ஈர மண்ணோடு பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டு வாருங்கள். போன தடவை ஒருவர் பளபளவென்று கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து எடுத்து வந்தார்.