மூன்றாம் பாகம் எங்கே?

(தேசிய நூலக வார விழாவை ஒட்டிக் கடலூரில் இளம் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த அடைமழையிலும் சிதம்பரத்திலிருந்து வந்து எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியப் பெருந்தகை அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, புதுச்சேரியிலிருந்து வந்திருக்கும் வாசக நண்பர்களே, பெரியவர்கள் வந்ததும் முன்வரிசையிலிருந்து எழுப்பப்பட்டுப் பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கூட்டமே உங்களுக்காகத்தான் கூட்டப்பட்டது என்பதால், இனி நான் பின்வரிசையைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன். முன்வரிசைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் என்று வைத்தவர்கள் கடலூரின் மழையைக் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கி. ராஜநாராயணன், தம் பிற்காலத்தைப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் கழித்தவர். ஆகவே மழைக்கு ஒதுங்கி இங்கே வந்து அமர்ந்திருப்பவர்களுக்கும் என் தனி வணக்கம்.

எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, எங்கே படிப்பது என்ற மூன்று செய்திகளைப் பற்றிப் பேச எண்ணி வந்தேன். இரண்டாவதற்கு ஒரு பழமொழியே போதும். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்.' நான் ஏறிய எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். பின்வரிசையில் இப்போதே இருவர் சிரிப்பது தெரிகிறது. ஐந்து பாக நாவலைக் கண்டு மலைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதெல்லாம், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் படியுங்கள் என்பதுதான்.

எதைப் படிப்பது? ஹாரி பாட்டரின் ஏழு பாகங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன், அடுத்து எதைப் படிக்கட்டும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் வாசலில் என்னைக் கேட்டார். ஏழு பாகம் படித்தவருக்கு ஐந்து பாகம் ஒரு பொருட்டே அல்ல. கல்கியின் பொன்னியின் செல்வனை எடுங்கள் அம்மா. அது 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது என்பதைப் பலர் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதை நம் மாவட்டத்தில் தொடங்குகிறது என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? ஆடிப் பதினெட்டாம் நாள் வந்தியத்தேவன் குதிரையில் அமர்ந்து வரும் வீரநாராயண ஏரிக்கரை நம் வீராணம் ஏரிக்கரை. வீரநாராயணபுரம் நம் காட்டுமன்னார்கோயில். அன்றிரவு அவன் ஒளிந்திருந்து சிற்றரசர்களின் சதியை அறிந்துகொள்ளும் கடம்பூரும் அதற்கு அருகில்தான் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் முதல் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்து பாருங்கள்.

தொடர் என்றதும் எங்கள் முதுநகர்ச் சின்னம்மா ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த நாவல் மறுபடியும் தொடராக வந்துகொண்டிருந்த காலம் அது. வாரந்தோறும் அத்தியாயங்களைக் கிழித்தெடுத்து, கோந்து தடவி அடுக்கி, பாகம் முடிந்ததும் பைண்டிங் கடைக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு வாரம் அவருடைய தம்பி, பழைய தாள் என்று நினைத்து அந்த இதழைச் சுண்டல்காரரிடம் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு பொட்டலம் சுண்டலும் வாங்கித் தின்றுவிட்டான். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில் பழுவேட்டரையர் பல்லக்கை நோக்கிப் பேசுகிறார், திரை விலகப்போகிறது, உள்ளே யார்? அந்தப் பக்கம்தான் போனது. சின்னம்மா தேவனாம்பட்டினம் கடற்கரைக்கே போய்விட்டார். சுண்டல்காரர் அதற்குள் தாளைக் கிழித்துக் கூம்பு கூம்பாகச் சுருட்டிவிட்டார். "காகிதத்தைத் தனியாத் தர முடியாதும்மா, பொட்டலமா வாங்கிக்குங்க" என்று அவர் வியாபாரம் பேச, சின்னம்மாவும் தெருவுக்கே போதுமான சுண்டலை வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணுக்குகளை ஒட்டிப் பார்த்தார். எல்லாம் சேர்ந்தன. பல்லக்குப் பக்கம் மட்டும் இல்லை. சற்றுத் தள்ளிப் படகில் சாய்ந்தபடி, தின்று முடித்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு மீனவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்!

"அண்ணே, அந்தத் தாளைக் குடுங்கண்ணே."

"இரும்மா, திரையை இப்பத்தான் தூக்குறான்."

படித்து முடித்து, உள்ளே இருந்தது பெண்ணில்லை, மதுராந்தகன் என்று தெரிந்த பிறகும் அவர் தாளைத் தரவில்லை. "யாரும்மா இந்த மதுராந்தகன்? மொதல்லேருந்து சொல்லு, தாளைத் தர்றேன்" என்றார். சின்னம்மா மணலில் உட்கார்ந்து ஆடிப் பெருக்கிலிருந்து கதையைத் தொடங்க, வலை உலர்த்தப் போட்டிருந்த நாலைந்து பேர் வந்து உட்கார, சுண்டல்காரரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த மீனவரின் மனைவி மீன்கூடையோடு எங்கள் தெருவுக்கு வரும்போது, "அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு, அந்தப் பழுவூர் ராணி என்ன ஆனா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். கதையைச் சொன்ன அன்று சின்னம்மாவுக்கு வஞ்சிரம் பாதி விலைக்குக் கிடைத்தது என்பார்கள். அதை நான் நம்புகிறேன்.

மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் ஒரு தாயைப் படைத்தார். கண்டனங்கள் குவிந்தன. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கும் தொடர்ச்சியாக வந்தது 'கங்கை எங்கே போகிறாள்'. சிறுகதையை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போங்கள். பதினொன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு இது என் முதல் பரிந்துரை. புதுச்சேரி நண்பர்களுக்குப் பிரபஞ்சனை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு அவர் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய இரண்டையும் அந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்', 'கோபல்லபுரத்து மக்கள்', 'அந்தமான் நாயக்கர்' ஆகிய மூன்றும் ஒரே சரடு. இயந்திர நாய் பிடிக்கும் என்பவர்களுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அது முடிந்ததும் 'மீண்டும் ஜீனோ'. தொடர் வேண்டாம், ஒரே புத்தகம் போதும் என்பவர்கள் நம் மாவட்டத்துக்காரர்களான இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளையும், பேருந்துப் பணிமனை வாழ்க்கையை அங்கே வேலை பார்த்தபடியே எழுதிய கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை'யையும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி என் வழக்கு. நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று, ஐந்து பாகங்களாக ஓடுபவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இவற்றைப் பிள்ளைகள் எங்கே படிப்பது? நம் மாவட்டத்துக் கிளை நூலகம் ஒன்றில், எது என்பது வேண்டாம், பொன்னியின் செல்வனின் முதல், இரண்டு, ஐந்தாம் பாகங்கள் மட்டும் இருக்கின்றன. இரண்டாம் பாகமான சுழற்காற்றை முடித்த பிள்ளை, கொலை வாளையும் மணிமகுடத்தையும் தாண்டி நேரே தியாக சிகரத்தில் ஏற வேண்டுமாம்! அங்கே கேட்டதற்கு, "வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தரலைங்க" என்றார்கள். காணாமற்போன ஒரு பாகத்துக்கு மாற்று வாங்க வழியில்லையா, பக்கத்துக் கிளையில் அதே பாகம் சும்மா கிடந்தால் அதை வரவழைத்துத் தரக்கூடாதா என்றால், பதில் இல்லை.

பணமில்லை என்று சொல்ல முடியாது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம், ஆண்டு 1948. அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் நம் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வசூலாகிறது. மூன்றாம் பாகத்துக்கான காசைப் பின்வரிசையில் இருப்பவர்களின் பெற்றோர் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. நூலின் ஐந்தில் மூன்று பங்கு கிடைத்தால் போதும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. 1827இல் தொடங்கி இன்றும் நடக்கும் நூலகத்தை வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்கள் முன்னிலையில் இதைச் சொல்லிக்கொள்ள எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, தங்கள் மீது எனக்குள்ள மதிப்பைத் தாங்கள் அறிவீர்கள். இந்த விழாவுக்கு நேரம் ஒதுக்கிய தங்கள் பெருந்தன்மைக்கு மறுமுறையும் நன்றி சொல்கிறேன். கேட்பது ஒன்றுதான்: தொடர் நாவல்களை வாங்கினால் முழுத் தொகுதியாக வாங்குங்கள், ஒரு பாகம் தொலைந்தால் அந்த ஒரு பாகத்தையாவது ஓர் ஆண்டுக்குள் மாற்றுங்கள். இதே மனுவை முன்பும் கொடுத்திருக்கிறேன், மறுபடியும் கொடுப்பேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது படிக்கிற பிள்ளைக்கு மட்டும் சொன்னதில்லையே.

எங்கே படிப்பது என்பது பற்றி இன்னும் சொல்ல இருந்தது. மாலையில் நூலகம் மூடும் நேரத்தைப் பற்றி ஒரு பெரிய குறையே கையில் இருக்கிறது. ஆனால் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களே, வாசலருகே மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எந்த நாவலின் எத்தனையாவது பாகம் இல்லை என்பதை அதில் எழுதிவிட்டுப் போங்கள். நோட்டை அலுவலர் அவர்கள் இன்றே கையோடு எடுத்துச் செல்ல இசைந்திருக்கிறார்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள். நன்றி, வணக்கம்.