அத்திக்குள் குளவி, முள்ளுக்குள் எறும்பு

எல்லோருக்கும் வணக்கம். எப்போதாவது தலைகாட்டும் ஆளைப் பார்த்து 'அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்களே' என்போம். பாவம் அத்தி, அது தாராளமாகப் பூக்கிற மரம்தான். பூவெல்லாம் காய்க்கு உள்ளே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இன்னொரு பழமொழியும் இருக்கிறது: அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு. அந்தப் 'புழு'விலிருந்தே தொடங்குகிறேன். அதில் பெரும்பாலும் இருப்பது குளவி.

நாம் காய் என்று நினைப்பது, ஏகப்பட்ட பூக்களை உள்பக்கமாக வைத்து மூடிய ஒரு பை. நுனியில் சின்னத் துளை. சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி, மகரந்தத்தோடு அதில் தலையை நுழைக்கிறது. வழி அத்தனை நெருக்கம். இறக்கை பிய்ந்துபோகும், உணர்கொம்பு ஒடியும். உள்ளே போய்ச் சில பூக்களில் முட்டையிடும். மற்ற பூக்களில் மகரந்தம் பட்டு விதை பிடிக்கும். குளவி அங்கேயே செத்துவிடும். சில வாரம் கழித்து முதலில் ஆண் குளவிகள் வெளிப்படும். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பூவுக்குள் அடைந்திருக்கும் பெண்களோடு கூடிவிட்டு, காயின் சுவரைக் குடைந்து வழி போட்டுக் கொடுத்துவிட்டு அவையும் சாகும். பெண்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியே பறக்கும். மணத்தை வைத்து இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு ஓரிரு நாள்தான் ஆயுசு.

என்ன ஒரு தியாகம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். குளவி மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுவிட்டுப் போனால்? சில அத்தி இனங்களில் மரம் அந்தக் காயைப் பழுக்க விடாது, உதிர்த்துவிடும். உள்ளே இருக்கும் குஞ்சுகளும் சேர்ந்து அழியும். கொடுக்கல் வாங்கல் என்றால் கறாராகத்தான் இருக்கிறது மரம்.

பாடப்புத்தகத்தில் இப்படிச் சேர்ந்து வாழும் உயிர்களை, இருவருக்கும் லாபம், ஒருவருக்கு மட்டும் லாபம், ஒருவர் லாபம் இன்னொருவர் நட்டம் என்று கட்டம் போட்டுப் படித்திருப்போம். பரீட்சைக்கு அது போதும். 'சேர்ந்து வாழ்தல்' என்ற கலைச்சொல்லை 1879-இல் பரப்பிய ஜெர்மன் அறிஞர் அன்டன் டி பாரி, ஒட்டுண்ணியையும் அதற்குள்ளேதான் வைத்தார். அவர் அதை நட்பு என்று சொல்லவில்லை. எனக்கும் அவர் கட்சிதான் சரியாகப் படுகிறது.

பவளப்பாறையில் ஒரு துப்புரவு மீன் உண்டு. விரல் நீளம்தான், உடம்பில் நீலமும் கறுப்புமாகக் கோடு. பெரிய மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்கும். அது ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல, பெரிய மீனின் மேல்தோலில் இருக்கும் வழுவழுப்பான கோழை. ஆள் அசந்தால் ஒரு கடி கடித்துவிடும். கடிபட்ட மீன் ஒரு துள்ளுத் துள்ளிப் போய்விடும். ஆணும் பெண்ணுமாக வேலை செய்யும்போது பெண் கடித்து வாடிக்கையாளர் போய்விட்டால், ஆண் பெண்ணை விரட்டிப் பிடித்துத் தண்டிக்கும்! போதாக்குறைக்கு, இதே கோடு போட்ட போலி மீன் ஒன்றும் அங்கே திரிகிறது. சுத்தம் செய்ய வருவதுபோல் வந்து துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும்.

சரி, இவையெல்லாம் இரண்டு பேருக்குள் நடக்கும் கணக்கு. மூன்றாவது ஆள் வந்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. கென்யாவின் லைக்கிபியாவில் ஒருவகை முள்வேல மரம் வளர்கிறது. அதன் முட்கள் சில, அடியில் குமிழாக உப்பி உள்ளே வெற்றாக இருக்கும். எறும்புகள் ஓட்டை போட்டு அதில் குடியிருக்கும். காற்றடித்தால் அந்த ஓட்டைகள் விசிலடிக்கும். மரம் வீடும் தேனும் தருகிறது. யானையோ ஒட்டகச்சிவிங்கியோ வாய் வைத்தால் எறும்புப் படை பாய்கிறது. அங்கே 1995 முதல் ஆய்வாளர்கள் வேலி போட்டுப் பெரிய விலங்குகளைத் தடுத்துப் பார்த்தார்கள். மரத்துக்குக் கொண்டாட்டம்தானே? இல்லை. மேய ஆள் இல்லாததால் மரம் காவல் செலவைக் குறைத்தது: உப்பிய முள்ளும் குறைந்தது, தேனும் குறைந்தது. பழைய காவல்காரர்கள் தளர, வேறு எறும்பினம் இடம் பிடித்தது. அதற்குக் குடியிருக்க முள் வேண்டாம், வண்டு துளைத்த பொந்து போதும். எனவே வண்டு துளைத்தாலும் அதற்குக் கவலையில்லை. வேலிக்குள் மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. எதிரியை வெளியே நிறுத்தியதும் கூட்டாளியும் போய்விட்டான்.

அப்புறம், அதே வட்டாரத்தில் ஓல் பெஜெட்டா வனவிலங்குக் காப்பகத்துக்கு வெளியிலிருந்து பெருந்தலை எறும்பு வந்து சேர்ந்தது. அது காவல் எறும்புகளைக் கொன்று தீர்த்தது. காவல் இல்லாத மரங்களை யானைகள் முறித்துத் தள்ளின. வெளி திறந்துகொண்டது. பதுங்கிப் பாய மறைவில்லாமல் சிங்கம் என்ன செய்யும்? 2003-இல் அங்கே சிங்கங்கள் அடித்த இரையில் 67 சதவீதம் வரிக்குதிரை. 2020-இல் அது 42 சதவீதமானது. முன்பு கணக்கிலேயே வராத காட்டெருமை, அதே ஆண்டில் 42 சதவீதத்தைத் தொட்டது. சிங்கங்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அவற்றின் சாப்பாட்டை மாற்றி வைத்தது, நகத்தின் நுனியில் அடங்கும் ஓர் எறும்பு.