இரண்டே ஆல்பம்: நெக்ரோஃபஜிஸ்ட்டின் கதை

தலைவர் அவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ராக் இசையின் மிகக் கடுமையான வகைகளில் ஒன்றான டெத் மெட்டல் என்றால் வெறும் கத்தல், காது கிழியும் இரைச்சல் என்பார்கள். நான் அதை மறுக்கப் போவதில்லை. கத்தல் உண்டு, இரைச்சலும் உண்டு. அந்த இரைச்சலுக்கு நடுவே நெக்ரோஃபஜிஸ்ட் என்ற குழுவின் ஜெர்மன்காரர் ஒருவர் எவ்வளவு கறாராகச் சுரம் கோர்த்தார் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஊர். 1980-களில், டெத் மெட்டலுக்கு முந்தைய வேகமான வகையான த்ராஷ் மெட்டலில் ஜெர்மனிக்குப் பெரிய பெயர். எஸ்ஸன் நகரில் கிரியேட்டர் குழு, கெல்சன்கிர்ஷனில் சோடம், தெற்கே சுவிஸ் எல்லையோரம் டிஸ்ட்ரக்‌ஷன். ஆனால் அதற்கு அடுத்த அலையான டெத் மெட்டல் எழுந்தபோது கவனம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் சுவீடனின் ஸ்டாக்ஹோமுக்கும் போய்விட்டது. மெஷெடேயின் மார்காத் மாதிரி நல்ல குழுக்கள் ஜெர்மனியில் இருந்தன. என்றாலும் வழி காட்டியவர்கள் வேறு நாட்டுக்காரர்கள்தான்.

அந்தச் சூழலில் 1992-ல், கார்ல்ஸ்ரூ நகரத்தில், துருக்கிய வம்சாவளியில் வந்த முகம்மது சுயிச்மெஸ் என்ற இளைஞர் நெக்ரோஃபஜிஸ்ட்டைத் தொடங்குகிறார். கிட்டார் அவரே, குரலும் அவரே. 1992-ல் ஒரு டெமோ (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவு), 1995-ல் இன்னொன்று. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். முதல் ஆல்பம் ‘ஆன்செட் ஆஃப் புட்ரிஃபேக்‌ஷன்’ வெளிவந்தது 1999-ல். தொடங்கி ஏழு வருஷம்!

அந்த ஆல்பத்தில் டிரம்மர் கிடையாது. சுயிச்மெஸ் டிரம்ஸ் பகுதிகளை மெஷினில் புரோகிராம் செய்தார். கிட்டார், பாஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்), குரல் எல்லாவற்றிலும் பெரும்பகுதி அவர் கைவேலை. கிட்டத்தட்ட ஒரு தனி மனிதரின் ஆல்பம் அது. டிரம்ஸ் ஒலி கொஞ்சம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 2004 மறுபதிப்பில் அந்த ஒலிகளை மாற்றிச் சரி செய்தார்கள். பாடல் வரிகளோ பிணம், அழுகல், அறுவை. இந்த வகையில் அப்போது வழக்கத்தில் இருந்த சரக்கு. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நான் நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது சோலோக்களுக்கு, அதாவது கிட்டார் தனித்து முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதிகளுக்கு. அதுவரை டெத் மெட்டலில் கிட்டார் சோலோ என்றால் பெரும்பாலும் ஓர் அலறல். தந்தியை இழுத்து, வேகமாக நாலு கோடு கிழித்து, பத்து நொடியில் முடித்துவிடுவார்கள். அடியில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற சிறு இசைத்துணுக்கு தன்பாட்டுக்கு ஓடும். மேலே வாசிப்பவருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. சுயிச்மெஸ் இதைத் தலைகீழாக்கினார். சோலோ வரும் இடத்தில் அடியில் உள்ள கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், நகரத் தொடங்கும். ஒவ்வொரு கார்டுக்கும் ஏற்ற சுரங்களை எடுத்து மேலே சோலோ நகரும். மனோதர்மத்துக்கு அங்கே இடம் குறைவு. ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே எழுதி வைத்தது. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் கேட்கிற ஹார்மோனிக் மைனர் என்ற சுரவரிசையின் சாயலும், டிமினிஷ்டு என்ற வகைக் கார்டுகளைப் பிரித்து, தந்திகள் மீது ஒரே வீச்சில் மேலும் கீழும் ஓடும் ஸ்வீப் பிக்கிங்கும் இங்கே தாராளம்.

அவர் குரலைக் கவனித்தால் இது ஏன் தேவைப்பட்டது என்று புரியும். அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரே மட்டத்து உறுமல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. டிரம்ஸோடு சேர்ந்து அதுவும் ஒரு தாளவாத்தியம் ஆகிவிடுகிறது. மெட்டுக்கான பொறுப்பு முழுக்க கிட்டார் தலையில் விழுகிறது. இந்தக் குழுவின் உண்மையான பாடகர் சோலோ கிட்டார்தான் என்பது என் கட்சி.

2004-ல் இரண்டாவது ஆல்பம் ‘எபிடாஃப்’, அமெரிக்காவின் ரிலாப்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடு. இம்முறை முழுக் குழு: கிட்டாரில் கிறிஸ்டியான் முன்ட்ஸ்னர், பாஸில் ஸ்டெஃபான் ஃபிம்மர்ஸ், டிரம்ஸில் ஹானஸ் கிராஸ்மன். மொத்தம் எட்டுப் பாட்டு, அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வரிகளிலும் பிணவாடை குறைந்து, மரணத்தைப் பற்றிய யோசனை கூடியிருக்கும். தாளம் நாலு நாலாக நிற்காமல் ஏழு, ஐந்து என்று மாறி மாறி விழும். ஆனாலும் எந்த வாத்தியமும் இன்னொன்றை மறைக்காது. எனக்கு முதல் ஆல்பத்தைவிட இதுதான் உசத்தி. முதலாவதன் முரட்டுத்தனமே பிடித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இதில் ‘ஒன்லி ஆஷ் ரிமெய்ன்ஸ்’ என்ற பாட்டின் இறுதிப் பகுதியை மட்டும் தனியாகக் கேளுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1935-ல் எழுதிய ‘ரோமியோ ஜூலியட்’ பாலேயில் வீரர்களின் நடனம் என்றொரு பகுதி உண்டு. அந்த மெட்டைக் கிட்டாரில் வாசித்துத்தான் பாட்டை முடிக்கிறார். மைனர் கார்டின் சுரங்களில் படிப்படியாக ஏறி, அதே மாதிரி இறங்கும் மெட்டு அது. ஸ்வீப் பிக்கிங் பழகிய கைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்துவிடுகிறது. மூலம் தெரியாதவர்கள் இதையும் சுயிச்மெஸ்ஸின் சொந்த மெட்டு என்றே நினைப்பார்கள்.

இன்னொரு விஷயம். சாதாரணமாக மெட்டல் கிட்டாரில் 24 ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இருந்தாலே அதிகம். இவருடைய ஐபனேஸ் சைஃபோஸ் கிட்டாரில் 27. ஃப்ரெட்டுக்கு அரைச்சுரம் என்ற கணக்கில், மேலே இன்னும் மூன்று அரைச்சுரம் கிடைத்தது.

2007-ல் அமெரிக்காவில் ‘சம்மர் ஸ்லாட்டர்’ சுற்றுப்பயணத்துக்கு இவர்கள்தான் தலைமைக் குழு. பின்லாந்தின் சமி ராட்டிகைனென் கிட்டாருக்கு வந்தார். டிரம்ஸில் மார்கோ மின்னெமன், பிறகு பிரான்ஸின் ரொமான் குலோன். மூன்றாவது ஆல்பம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். வரவேயில்லை. 2010-ஐ ஒட்டிக் குழு மேடையிலிருந்தும் மறைந்துவிட்டது. இந்த அளவுக்கு நுணுக்கம் பார்க்கிற ஒருவரிடம் வேகமாக ஆல்பம் கேட்பதே நியாயமில்லை என்பேன். ரசிகர்களின் எரிச்சலும் புரிகிறது.

பிரிந்து போனவர்கள் சும்மா இருக்கவில்லை. கிராஸ்மனும் முன்ட்ஸ்னரும் லாண்ட்ஸ்ஹூட் நகரத்து ஒப்ஸ்கூரா குழுவில் சேர்ந்து 2009-ல் ‘காஸ்மோஜெனிசிஸ்’ ஆல்பத்தைக் கொடுத்தார்கள். அதில் ஃப்ரெட்லெஸ் பாஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பாஸ், முன்னுக்கு வந்து கிட்டாரோடு பேசும். நெக்ரோஃபஜிஸ்ட்டில் இல்லாத குளிர்ச்சி அது. பின்னால் இருவருமே ஆல்கலாய்ட் குழுவிலும் சேர்ந்து வாசித்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘எபிடாஃப்’பின் முதல் பாட்டு ‘ஸ்டாப்வூண்ட்’டில் தொடங்குங்கள். மூன்று நிமிடம்கூட ஓடாது. முதல் தடவை குரலை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை சோலோவுக்கு அடியில் நகரும் கார்டுகள். அதற்குப் பிறகும் வெறும் இரைச்சல் என்றே தோன்றினால் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள், வாதாடத் தயாராக வந்திருக்கிறேன்.