வாயுள்ள பிள்ளையும் வாயடைத்த தாயும்

(மேற்குச் சிட்னித் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, சம்பளம் எதிர்பாராமல் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் அசையாமல் இருக்கப் பெரும்பாடு படும் செல்வங்களே, எல்லோருக்கும் பணிவான வணக்கம்.

இன்று நம்மிடையே இன்னொருவரும் இருக்கிறார். இதே கட்டடத்தில் சனிக்கிழமைகளில் அரபு மொழிப் பள்ளி நடத்தும் தலைமை ஆசிரியை அவர்கள். அம்மா, அஹ்லன் வ ஸஹ்லன். உங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை மூடிவிட்டுப் போகும் வகுப்பறையை எங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். சில நாட்களில் வெண்பலகையின் மூலையில் அலிஃப், பா, தா என்ற எழுத்துகள் அழியாமல் இருக்கும். எங்கள் சிறுவர் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பக்கத்திலேயே அ, ஆ, இ எழுதிவிடுவார்கள். அழிக்க வேண்டாம் என்று நான் ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அரபு பேசும் குடும்பங்களுக்கு இந்த நாட்டில் என்ன உதவி இருக்கிறது, அதிலிருந்து நாம் என்ன கற்கலாம் என்று பேசும்படி தலைவர் கேட்டார். மூன்று விடயங்களைச் சொல்ல நினைக்கிறேன். தாய்மாருக்கான ஆங்கில வகுப்பு, பிள்ளைகளுக்கான வார இறுதி மொழிப்பள்ளி, படித்துப் பட்டம் பெற்று வந்தவர்களின் வேலைப் பிரச்சினை.

2021 குடிசன மதிப்பீட்டின்படி, அவுஸ்திரேலிய வீடுகளில் ஆங்கிலத்துக்கும் மண்டரினுக்கும் அடுத்தபடியாகப் பேசப்படும் மொழி அரபு. சுமார் 367,000 பேர். தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 95,000. 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வந்தவர்கள் சிட்னியின் லக்கெம்பாவிலும் பாங்ஸ்டவுனிலும் குடியேறினார்கள். 2015இல் சிரியா, ஈராக் போர்களில் சிதறியவர்களுக்கென்று அரசு மேலதிகமாக 12,000 இடங்களை ஒதுக்கியபோது, வந்தவர்களில் கணிசமானோர் இங்கே மேற்குச் சிட்னியின் ஃபெயர்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்த கதையை அறிந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். சித்திரவதையாலும் போராலும் மனம் உடைந்தவர்களுக்காக 1988இல் தொடங்கிய ஸ்டார்ட்ஸ் நிலையத்தின் காத்திருக்கும் அறையில் தமிழரும் அரபு மக்களும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு. என் பேச்சை முன்பு கேட்டவர்களுக்குப் புதிதில்லை. எந்த மேடை ஏறினாலும் அதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

வாயைத் திறக்க வைப்பதற்குத்தான் ஆங்கில வகுப்பு. வந்து குடியேறும் பெரியவர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பை 1948இலேயே இந்த நாடு தொடங்கிவிட்டது. ஏமெப் என்று சொல்வார்கள். நெடுங்காலம் 510 மணித்தியாலம் என்று ஒரு வரம்பு இருந்தது. ஈராக்கின் மொசூலில் பள்ளிக்கூடமே போகாத ஒரு தாய்க்கும், பெய்ரூட்டில் பட்டம் பெற்ற ஒருவருக்கும் அதே 510. 2021இல் அந்த வரம்பை எடுத்தார்கள், நல்ல காரியம். வகுப்பு நேரத்தில் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை இலவசமாகப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு, பாடப் புத்தகத்தைவிட முதலில் தேவைப்படுவது இதுதான். எங்கள் பெண்களில் எத்தனை பேர் இது தெரியாமல் வீட்டிலேயே இருக்கிறார்கள்!

ஆனால் ஆங்கிலம் வருவதற்கு வருடங்கள் ஆகும். அந்த வருடங்களில் வீட்டுக்கு வாய் யார்? பிள்ளை. நான் இன்று உண்மையில் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

மொசூலில் இருந்து வந்த ஒரு குடும்பம். 2014 ஜூனில் நகரம் விழுந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர்கள். ஜோர்தானில் சில காலம் இருந்து, பிறகு ஃபெயர்ஃபீல்ட். தகப்பனுக்கு இரவு வேலை. தாய்க்கு 'தாங்க்யூ', 'சொறி' இரண்டும்தான் ஆங்கிலம். மூத்த பெடியனுக்குப் பதினொரு வயது. நூலகத்தில் நடக்கும் வீட்டுப்பாட உதவி வகுப்புக்கு வருவான். ஒருநாள் கணக்குக் கொப்பிக்குப் பதிலாக ஒரு ஷொப்பிங் பையைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தான். முழுக்கக் கடிதங்கள். அரசின் உதவிப்பணம் தரும் சென்டர்லிங்க் ஒரு அடுக்கு, பள்ளிக்கூடம் ஒரு அடுக்கு, வீட்டு வாடகை ஏஜென்ட் ஒரு அடுக்கு என்று கடகடவென்று பிரித்தான். சிவப்பு எழுத்து இருந்த மின்சாரக் கட்டணத்தை மட்டும் தனியே எடுத்தான். "இதற்கு இன்றைக்கே போன் அடிக்கவேணும்" என்றான்.

தொண்டையைச் செருமினான். குரலைத் தடிப்பாக்கினான். மறுமுனையில் பெயர் கேட்டார்கள், தகப்பன் பெயரைச் சொன்னான். பிறந்த வருடம் கேட்டார்கள். கொஞ்சமும் தயங்காமல் 1979 என்றான்! நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்றைக்கு நானும் சிரித்தேன். எத்தனை தவணையில் கட்டலாம், முதல் தவணை எப்போது என்று பெரிய மனிதன் மாதிரிப் பேரம் பேசி, கடித உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி வைத்தான். வைத்தபிறகு தன்னுடைய குரலில் கேட்டான்: "இப்ப கணக்குச் செய்ய நேரம் இருக்கா?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அன்று மாலை முழுவதும் எல்லோரிடமும் அவனைப் புகழ்ந்தேன்.

சில மாதம் போனது. தாய் கர்ப்பமாக இருந்தார். பரிசோதனைக்கு ஒரு வைத்தியசாலைக்குத் துணையாகப் போனவன் அவன்தான். ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை. அம்மாவிடம் சொல்லு என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார்கள். பதினொரு வயது. அவன் அம்மாவிடம், "எல்லாம் சரியாம், திங்கட்கிழமை திரும்ப வரட்டாம்" என்றான். வெள்ளி, சனி, ஞாயிறு. தாய் தொட்டில் வைக்க அறையில் இடம் ஒதுக்குகிறார், இவன் அலுமாரியை நகர்த்த உதவுகிறான். அந்த வீட்டில் உண்மை தெரிந்தவன் அவன் ஒருவன் மட்டும்.

திங்கட்கிழமை வேறொரு தாதி இருந்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பெடியனை வெளியே இருத்திவிட்டு, வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளர் சேவையைத் தொலைபேசியில் எடுத்தார். எடுக்குமுன் தாயிடம் சைகையால் கேட்டது, அரபா அசிரியனா என்று. ஈராக்கில் இருந்து வருகிற பல கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டுமொழி அசிரியன் அல்லது கல்தேயன். அரபு என்று நாமே முடிவுகட்டக் கூடாது. அன்று அந்தத் தாய் தன் மொழியில் கேட்டார், தன் மொழியில் அழுதார். மருத்துவரிடம் தானே கேள்வி கேட்டார். பிறகு இதையெல்லாம் எனக்குச் சொன்னதும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான்.

நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறையின் விதிகளே, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது, கேட்க ஆளில்லை. 1973இலேயே தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை இந்த நாடு தொடங்கியது. இன்று அதன் எண் 131 450. எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அரச பாடசாலையிடம் கேட்டால் பெற்றோருக்கு ஒரு சதம்கூடச் செலவில்லை. குடும்ப வைத்தியர்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் இலவச ஏற்பாடு உண்டு. பிள்ளை நன்றாக ஆங்கிலம் பேசுகிறதே, எதற்கு இதெல்லாம் என்று நம் அப்பாக்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்; தாயின் வாயாகவும் அந்தப் பிள்ளையே இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

வார இறுதிப் பள்ளிகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். அரபும் தமிழும் பள்ளி இறுதியாண்டு எச்எஸ்சி பரீட்சைக்கே பாடங்களாக இருப்பதும், இரண்டு பள்ளிகளுக்கும் மாநில அரசின் ஒரே உதவித்தொகைத் திட்டம் கைகொடுப்பதும் உங்களுக்குத் தெரியும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். டாக்ஸி ஓட்டும் பக்தாத் பொறியியலாளரைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுவேன்.

வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. பெற்றோர் சந்திப்புக்கு நம் வட்டாரப் பாடசாலைகள் அனுப்பும் ஒவ்வொரு அழைப்பிலும், மொழிபெயர்ப்பாளர் தேவையா, எந்த மொழி என்று கேட்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரி பெற்றோரின் மொழியிலேயே இருக்கவேண்டும். கேட்பது இவ்வளவுதான். அரபுப் பள்ளிப் பெற்றோர் நேற்றே கையெழுத்திட்டுவிட்டார்கள். அவர்களுடைய தாள்கள் மேலே இருக்கின்றன, நம்முடையவை கீழே சேரவேண்டும். அதை உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாக நகரசபை உறுப்பினர் அவர்கள் இந்த மேடையிலேயே எனக்கு வாக்களித்திருக்கிறார். அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி. தேநீர் வரிசைக்குப் போகிற வழியில்தான் மேசை. தாத்தா பாட்டிகளும் கையெழுத்திடலாம், தமிழிலேயே இடலாம். நன்றி, வணக்கம்.