லைசென்ஸ் சஸ்பெண்ட், காரையும் வித்தாச்சு... அப்புறம் எதுக்கு எஸ்ஆர்-22?

சரி, அடுத்த கேள்வி. அமெரிக்காவுல டெக்சஸ், இர்விங்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. நீளமா எழுதியிருக்காரு, சுருக்கிச் சொல்றேன். ஆட்டோபேல போட்டிருந்த கார்டு எக்ஸ்பைர் ஆனத கவனிக்கல. கார் இன்சூரன்ஸ் லாப்ஸ் ஆயிடுச்சு. போலீஸ் நிறுத்திக் கேட்டப்பதான் இவருக்கே தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே மாதிரி ஒரு டிக்கெட் வாங்கி, பேசாம பைனைக் கட்டியிருக்காரு. இப்ப லைசென்ஸ் சஸ்பெண்ட். உடனே புது பாலிசி எடுத்து, இன்சூரன்ஸ் கார்டை ஸ்கேன் பண்ணி டிபிஎஸ்ஸுக்கு, அதாவது டெக்சஸ்ல லைசென்ஸ் குடுக்கற அரசாங்க ஆபீசுக்கு அனுப்பியிருக்காரு. "இது செல்லாது, எஸ்ஆர்-22 வேணும்"னு பதில் வந்திருக்கு. வெறுத்துப்போய் காரையே வித்துட்டாரு. "கார் இல்லாதவன் எதுக்குண்ணா கார் இன்சூரன்ஸ் எடுக்கணும்?" இதான் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான் தம்பி. ஆனா எஸ்ஆர்-22ங்கறத இன்சூரன்ஸ்னு நினைச்சுட்டீங்க, அங்கதான் சிக்கல். ஏஜென்ட்டுங்களே "எஸ்ஆர்-22 இன்சூரன்ஸ்"னுதான் சொல்றாங்க, அதனால உங்கமேல தப்பு இல்ல. அது பாலிசி கிடையாது, ஒரு சர்ட்டிபிகேட். உங்க இன்சூரன்ஸ் கம்பெனி நேரா அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கறது. நம்ம ஊர்ல ஜாமீன் கையெழுத்துப் போடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. "இந்த ஆளுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அது நின்னு போச்சுன்னா நாங்களே உங்களுக்குத் தகவல் சொல்றோம்"ங்கறாங்க. நீங்க அனுப்பின கார்டுல அந்த உறுதி இல்லையே. இன்னைக்கு பாலிசி எடுத்து கார்டைக் காட்டிட்டு அடுத்த வாரம் கேன்சல் பண்ணிட்டா யாருக்குத் தெரியும்? அப்படிப் பண்ண முடியாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இப்ப உங்க மேட்டருக்கு வருவோம். டெக்சஸ்ல இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டி முதல் தடவ மாட்டினா 175ல இருந்து 350 டாலர் வரைக்கும் பைன். இரண்டாவது தடவைன்னா 350ல இருந்து 1,000 வரைக்கும் போகும், லைசென்ஸும் சஸ்பெண்ட் ஆகும். இதுல நம்ம ஆளுங்க பண்ற ஒரு தப்பச் சொல்லணும். டிக்கெட் வந்தா "கோர்ட்டுக்கெல்லாம் யாரு அலையறது"ன்னு ஆன்லைன்ல பணத்தக் கட்டிட்டு மறந்துடறோம். பணத்தக் கட்டினாலே அது கன்விக்‌ஷன்தான், அதாவது குற்றம் செஞ்சதா கோர்ட்டே தீர்ப்பு சொன்ன மாதிரி, ரெக்கார்டுல ஏறிடும். உங்களோட அந்தப் பழைய டிக்கெட் இப்ப வந்து நிக்குது பாருங்க. இத கேக்கற மத்தவங்களும் கவனிங்க: போலீஸ் நிறுத்தின அன்னைக்கு உண்மையிலேயே இன்சூரன்ஸ் இருந்து, கையில கார்டு மட்டும் இல்லேன்னா, பைன் கட்டாதீங்க. அந்தத் தேதியில பாலிசி நடப்புல இருந்ததுக்கு ப்ரூப் எடுத்துட்டு கோர்ட்டுக்குப் போங்க, கேஸ டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க.

கார் இல்லையேன்னு கேட்டீங்க. சஸ்பெண்ட் ஆனது உங்க காரு இல்ல தம்பி, ரோட்டுல ஓட்டறதுக்கு உங்களுக்கு இருக்கற அனுமதி. லைசென்ஸ் திரும்ப வந்தா நீங்க நண்பரோட கார ஓட்டலாம், வாடகைக் கார் எடுக்கலாம். அப்ப யாரையாவது இடிச்சா நஷ்டஈடு எங்கிருந்து வரும்? அதத்தான் அரசாங்கம் கேக்குது. இதுக்குன்னே நான்-ஓனர் பாலிசின்னு ஒண்ணு இருக்கு. கார் சொந்தமா இல்லாதவங்களுக்கானது, வழக்கமான பாலிசிய விட விலையும் குறைவா இருக்கும். அதோட எஸ்ஆர்-22ஐ பைல் பண்ணச் சொல்லுங்க, போதும்.

ஆனா ஒண்ணு. வீட்டுல உங்க மனைவி பேர்ல கார் இருந்து, அத நீங்களும் தினமும் ஓட்டறதா இருந்தா, நான்-ஓனர் பாலிசி உதவாது. ஒரே வீட்டுல இருக்கற கார், வழக்கமா ஓட்டற கார், இதுக்கெல்லாம் அது பொருந்தாது. மனைவியோட பாலிசிலயே உங்களையும் டிரைவரா சேர்த்து, அதுல எஸ்ஆர்-22 போடணும். இத ஏஜென்ட்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. நாளைக்கு க்ளெய்ம்னு வரும்போது மாட்டிக்குவீங்க.

செலவு எவ்வளவு ஆகும்னா, பைலிங் பீஸ் பெரிய விஷயமே இல்ல, பொதுவா இருபத்தஞ்சு டாலர் அளவுலதான் இருக்கும். லைசென்ஸத் திரும்ப வாங்க டிபிஎஸ்ஸுக்குக் கட்டற ரீஇன்ஸ்டேட்மென்ட் பீஸ் 100 டாலர். உண்மையான அடி பிரீமியத்துலதான் விழும். உங்கள ஹை-ரிஸ்க் டிரைவர்னு வச்சுதான் ரேட் போடுவாங்க. சில கம்பெனி எஸ்ஆர்-22 பைல் பண்றதே இல்ல. அதனால நாலஞ்சு இடத்துல விசாரிங்க, முதல் வார்த்தையே "எஸ்ஆர்-22 போடுவீங்களா"ன்னு கேளுங்க. டெக்சஸ்ல குறைஞ்சபட்சக் கவரேஜ் 30/60/25. அதாவது அடிபட்டவர் ஒருத்தருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, அடுத்தவங்க பொருளுக்கு 25,000. சட்டத்துக்கு அது போதும். என்னக் கேட்டா போதாதுன்னுதான் சொல்வேன். இந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லப் பாத்தவங்களுக்குத் தெரியும், 30,000 எந்த மூலைக்கு!

எவ்வளவு நாள் வச்சிருக்கணும்? டெக்சஸ்ல ரெண்டு வருஷம், கன்விக்‌ஷன் ஆன தேதியில இருந்து கணக்கு. மத்த ஸ்டேட்ல கணக்கு மாறும். கலிபோர்னியாவுல பெரும்பாலும் மூணு வருஷம். நியூயார்க்ல எஸ்ஆர்-22ங்கற முறையே கிடையாது. ஃப்ளோரிடாவுல குடிச்சுட்டு ஓட்டி மாட்டினா எஃப்ஆர்-44ன்னு வேற ஒண்ணு கேப்பாங்க, அதுல கவரேஜே 100/300/50. குடிச்சுட்டு ஓட்டி மாட்டினவங்க எச்1பி விசாவுல இருந்தா, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீலப் பாருங்க. அரெஸ்ட் ஆனதுக்கே விசாவ ரத்து பண்றாங்க. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசறேன்.

லைசென்ஸ் வர்ற வரைக்கும் ஆபீசுக்கு எப்படிப் போறதுன்னும் கடைசில கேட்டிருக்கீங்க. கோர்ட்டுல மனு போட்டு ஆக்குபேஷனல் லைசென்ஸ்னு வாங்கலாம். வேலை, படிப்பு, வீட்டு அத்தியாவசியம், இதுக்கு மட்டும் ஓட்டலாம். சாதாரணமா ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், ஜட்ஜ் நினைச்சா பன்னிரண்டு வரைக்கும் தருவார். அதுக்கும் எஸ்ஆர்-22 வேணும்! "இந்தியா லைசென்ஸ் இருக்கே, அத வச்சு ஓட்டிக்கறேன்"னு மட்டும் கிளம்பிடாதீங்க. சஸ்பென்ஷன்ல ஓட்டறது தனிக் குற்றம், சஸ்பென்ஷனும் இன்னும் நீளும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது இதான். எஸ்ஆர்-22 போட்ட பிறகு பாலிசி நின்னுச்சுன்னா, கம்பெனி டிபிஎஸ்ஸுக்குத் தகவல் அனுப்பிடும், லைசென்ஸ் மறுபடியும் சஸ்பெண்ட். கம்பெனி மாத்தணும்னா, புதுக் கம்பெனி பைல் பண்ணி முடிச்சு அது ஏறினத உறுதி பண்ணிட்டு, அப்புறமா பழையத நிறுத்துங்க. ஊருக்கு ரெண்டு மாசம் லீவுல போறோம், கார் சும்மாதானே நிக்குதுன்னு பாலிசிய கேன்சல் பண்ணிட்டுப் போற பழக்கம் நம்மகிட்ட உண்டு. இந்த ரெண்டு வருஷம் அது கூடவே கூடாது. அப்புறம் தம்பி, ஆட்டோபேல இப்ப எந்தக் கார்டு போட்டிருக்கீங்க, அது எப்ப எக்ஸ்பைர் ஆகுதுன்னு இன்னைக்கே பாத்துடுங்க.

சரி, அடுத்தது நியூஜெர்சில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க...